வாடிக்கையாளர் கேட்ட பட்டியலில் பாதிப் பெயர்கள் எனக்கே தெரியாதவை

பருத்திக்காடு | திங்கள் இரவு 10:40

கோவையில் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். நூற்பாலைகளில் ஓடும் ரிங் ஃபிரேம் எனும் நூற்பு இயந்திரங்களிலிருந்து வேகம், நூல் அறுந்த கணக்கு, மின்சாரச் செலவு எல்லாவற்றையும் வாங்கித் திரையில் காட்டும் மென்பொருள் எங்களுடையது. எட்டு நிரலாளர்கள். ஜெர்மனியின் இயந்திர நிறுவனம் ஒன்று எங்கள் மென்பொருளைத் தன் இயந்திரத்தோடு சேர்த்து விற்கப் பேசிக்கொண்டிருக்கிறது. விலையெல்லாம் முடிந்தது. அதன்பின் ஒரு படிவம் வந்தது: உங்கள் மென்பொருளுக்குள் யார் யாருடைய நிரல்கள் இருக்கின்றன, எந்தப் பதிப்பு, யார் வழங்குநர் என்று பட்டியல் தாருங்கள்.

காரணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, முழுக் கடமைகளும் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயம். அவர்கள் இப்போதே தயாராகிறார்கள்.

கருவியை ஓட்டிப் பட்டியல் எடுத்தேன். நாங்களாகப் பார்த்துச் சேர்த்த லைப்ரரிகள் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்) 41. அவை தாம் நம்பியிருக்கும் சுற்றத்தாரையும் அழைத்து வந்திருக்கின்றன, மொத்தம் 913. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் யாரென்று வீட்டுக்காரனுக்கே தெரியாது என்பார்களே, அந்த நிலை.

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து அந்த 41ஐ மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 17 லைப்ரரிகளை ஒரே ஒரு ஆள்தான் பார்த்துக்கொள்கிறார். இயந்திரங்களோடு பேச நாங்கள் நம்பியிருக்கும் மாட்பஸ் லைப்ரரியும் அந்தப் பதினேழில் ஒன்று. கடைசி வெளியீடு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு. அது நின்றால் என் கடை நின்றுவிடும். அவருக்கு நாங்கள் இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

இரண்டு கேள்விகள். இப்படிப்பட்டவர்களுக்கு நீங்கள் பணம் அனுப்புகிறீர்களா, எவ்வளவு? படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘வழங்குநர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பராமரிப்பாளரின் பெயரைப் போட்டுவிடலாமா?

சிறுநிரல் | திங்கள் இரவு 11:25

> அதில் பராமரிப்பாளரின் பெயரைப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

திஸ்கி, பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய லைப்ரரி ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். போன ஆண்டு ஒரு நிறுவனம் எனக்கு 64 கேள்விகள் கொண்ட விரிதாள் அனுப்பியது. உங்கள் ஊழியர்களின் பின்னணி சரிபார்க்கப்படுகிறதா? உங்கள் அலுவலகத்தில் தீயணைப்பு ஏற்பாடு உண்டா? என் அலுவலகம் சமையலறைக்கு அடுத்த அறை. ஊழியர் நான் ஒருவன்தான், என் பின்னணியை என் மாமனார் விசாரித்ததோடு சரி. ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் வேண்டும் என்று வேறு எழுதியிருந்தார்கள்.

சித்திரை வெயிலில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறேன். வழிப்போக்கர் குடித்துவிட்டுப் போகலாம். லாரி கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போய் விற்றாலும் எனக்குக் கவலையில்லை, உரிமமே அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் விற்பவர் திரும்பி வந்து என்னிடம் தரச்சான்று கேட்கக் கூடாது. அதே உரிமத்தில், உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை என்றும் எழுதியிருக்கிறது.

நீங்கள் சொல்லும் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. வணிக நோக்கமின்றித் திறந்த மூல நிரல் எழுதுபவர் மேல் அது பொறுப்பைச் சுமத்தவில்லை. எடுத்துச் சேர்த்து விற்பவர்தான் சரிபார்த்து எடுக்க வேண்டும், குறை கண்டால் பராமரிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும், திருத்தியிருந்தால் அந்தத் திருத்தத்தையும் பகிர வேண்டும். ஆகவே கட்டத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

நள்ளிரவு_ஷிஃப்ட் | செவ்வாய் காலை 6:10

பந்தல் உவமை நன்றாக இருக்கிறது. பானைக்குள் ஒருவன் விஷம் கலந்த கதையும் நம்மிடம் இருக்கிறதே. எக்ஸ்-இசட்.

இரண்டாமாண்டு_மாணவன் | செவ்வாய் காலை 8:32

அண்ணா, அந்தப் பெயரை அடிக்கடி கேட்கிறேன். ஏதோ பின்கதவு என்று தெரியும். முழுக்கதை தெரியாது. சொல்ல முடியுமா?

நள்ளிரவு_ஷிஃப்ட் | செவ்வாய் மாலை 4:15

ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்துவிட்டேன். சொல்கிறேன், தம்பி.

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் ஓடும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கும், யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர் ஊதியமில்லாமல் பல ஆண்டுகளாகத் தனியாகப் பார்த்து வந்தார்.

2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பினார், எல்லாம் ஒழுங்கானவை. 2022இல் மடலாடற்குழுவில் வேறு பெயர்களில் சிலர் தோன்றினார்கள். ஏன் இவ்வளவு தாமதம், திட்டத்தின் மேல் அக்கறை போய்விட்டதா, வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாமே என்று மாறி மாறிக் குத்தினார்கள். காலின் பொறுமையாகத்தான் பதில் எழுதினார்: ஆர்வம் போகவில்லை, நீண்டநாள் மனநலச் சிக்கல்களால் முன்போல் முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கும் ஒருவர், உங்கள் நிலைமைக்கு வருந்துகிறேன், ஆனால் உங்கள் எல்லை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று பதில் போட்டார். குத்திய பெயர்கள் அதன்பின் எங்கும் தென்படவில்லை. ஜியா டான் துணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 பதிப்பு வெளியானது, மார்ச் 9 அன்று 5.6.1. இரண்டிலும் பின்கதவு, அதாவது வெளியாள் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒளித்து வைத்த வழி.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் தரவுதள நிரலாளர். பாதுகாப்பு அவர் துறையே இல்லை. தரவுதளத்தின் வேகத்தை நுணுக்கமாக அளக்கக் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அளவுக்கு மீறிச் சிபியுவைத் தின்றது. முன்பு 0.299 நொடி, இப்போது 0.807. அரை நொடி. நீங்களும் நானும் ‘நெட்வொர்க் மந்தம்’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார். சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனையில் நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய விசித்திரமான பிழையும் நினைவுக்கு வந்தது. மார்ச் 29, புனித வெள்ளியன்று பொதுமடலில் எழுதினார்.

அன்றிரவு நான்தான் பணியில் இருந்தேன். எழுபத்தெட்டு சர்வர்களில் பதிப்பைக் கேட்டு ஒரு சிறு நிரல் ஓட்டினேன். டெபியன் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்களில் ஒன்று) நிலையான பதிப்பில் இருந்தவை எல்லாம் 5.4.1, 5.4.1, 5.4.1 என்று வரிசையாக விழுந்தன. கடைசியில் ஒன்று 5.6.1. எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞர் புதியதெல்லாம் உடனே வேண்டும் என்று நிலையற்ற டெபியனைத் தன் சோதனைக் கணினியில் போட்டிருந்தார். இரவு ஒன்றரை மணிக்கு அவரை எழுப்பி, கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். ‘எந்தக் கேபிள்?’ என்றார். எல்லாக் கேபிளையும் என்றேன்.

இன்னும் சில வாரங்கள் கழிந்திருந்தால் அது பெரிய லினக்ஸ் வழங்கல்களின் வெளியீடுகளுக்குள் போயிருக்கும். ஃபெடோரா 40 சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்டது. உபுண்டு தன் 24.04 சோதனை வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து, அந்த நிரல் நுழைந்தபின் கட்டிய பொதிகளையெல்லாம் மறுபடி தொகுத்தது.

சி_மொழிக்காரி | செவ்வாய் இரவு 9:02

மேலே சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதி விட்டுப்போயிருக்கிறது (பிடித்த என்பது தவறான சொல், ஆனாலும்).

நிரலைப் பொதுவில் வைக்கும் கிட் களஞ்சியத்தில் அதை வரிவரியாகப் படித்தாலும் பின்கதவைத் தொடங்கிவைக்கும் வரி உங்களுக்குக் கிடைக்காது. அது வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிவைத்த தொகுப்புக்குள், நிரலை ஓடும் வடிவமாக மாற்றும் தொகுத்தல் வேலையை நடத்தும் ஒரு எம்4 கோப்பில் மட்டும் இருந்தது. டெபியனும் ஃபெடோராவும் எடுத்தது அந்தத் தொகுப்பைத்தான். உண்மையான சரக்கு சோதனைக் கோப்புகளுக்குள் இருந்தது. சுருக்கும் கருவிக்குக் கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தால் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டாமா? அதற்காக வேண்டுமென்றே கெடுத்து வைத்த கோப்புகள் அந்தத் திட்டத்தில் எப்போதுமே உண்டு. கெட்ட கோப்பு ஏன் கெட்டிருக்கிறது என்று யார் கேட்பார்கள்? எம்4 வரி அதைத் திறந்து, எழுத்துகளை இடம் மாற்றி, உள்ளிருந்த நிரலை வெளியே எடுத்தது. அதுவும் 64 பிட் லினக்ஸில், வழங்கல்கள் அனுப்பும் டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டும்போது மட்டும். நீங்கள் வீட்டில் சும்மா தொகுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

எஸ்எஸ்எச்சுக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் என்ன உறவு? எஸ்எஸ்எச்சை நடத்தும் அசல் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில் எதுவும் இல்லை. ‘நான் எழுந்துவிட்டேன்’ என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காகச் சில வழங்கல்கள் தாமாக ஒரு ஒட்டு (நிரல் மாற்றம்) போட்டன. அதனால் சிஸ்டம்டியின் லைப்ரரி உள்ளே வந்தது, அதன் முதுகில் ஏறி எக்ஸ்-இசட்டின் லைப்ரரி வந்தது. ஒரு வரித் தகவல் சொல்ல ஒரு ஊரையே அழைத்து வந்த கதை. 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 இந்தத் தகவலை அந்த லைப்ரரி இல்லாமலே சொல்கிறது. பருத்திக்காடு, உங்கள் 913இல் இப்படி வந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலியை முடக்க ஜியா டான் செய்தது ஒரு புள்ளி. வேலி கிடைக்கிறதா என்று சோதிக்கும் சில வரி நிரலுக்குள், ஒரு வரியின் தொடக்கத்தில் தன்னந்தனியாக ஒரு முற்றுப்புள்ளி. அது இருந்தால் சோதனை நிரல் தொகுக்கவே தொகுக்காது, ஆகவே வேலி கிடைக்கவில்லை என்று முடிவாகும். அந்த மாற்றத்தைப் அருகருகே வைத்து என் மாணவர்களிடம் காட்டுவேன். திரையில் தூசு என்று ஒரு பெண் விரலால் துடைத்தாள்.

வரவு_செலவு | செவ்வாய் இரவு 10:47

கதை தெரிந்தது. இப்போது கேள்விக்கு வருவோம், ஏனென்றால் இங்கிருந்து வழக்கம்போல் எல்லோரும் ‘பாவம், அவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும்’ என்று பெருமூச்சு விடப் போகிறீர்கள்.

நான் ஒரு ஸ்டார்ட்அப்பை மூடிவிட்டு இரண்டாவதை நடத்துபவன். கணக்குப் பார்ப்போம். ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்று 2024 அக்டோபரில் தொடங்கினார்கள், தன்னிடம் உள்ள நிரலாளர் ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,000 டாலர் என்ற கணக்கில் நிறுவனம் பராமரிப்பாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். பருத்திக்காட்டுக்கு எட்டுப் பேர், 16,000 டாலர், பதின்மூன்று லட்சத்துக்கு மேல். கோவையில் நல்ல நிரலாளர் ஒருவரை ஓராண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். 913 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் ஒன்றரை டாலர். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்குப் படிவமும் ஆடிட்டர் கையொப்பமும் வேறு. ஆடிட்டருக்குத்தான் அதிகம் போகும்.

பெரியவர்கள் கொடுக்கட்டும். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா அதே மாதம் திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி ஃப்ளாஸ் ஃபண்ட் தொடங்கியது, ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் ஒரு லட்சம் டாலர் வரை. பாராட்டத்தக்கது. அவர்களுக்கு லாபம் வருகிறது, கொடுக்கிறார்கள்.

சரி, 2022 ஜூனில் காலினின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஜியா டான் வந்திருக்க மாட்டாரா? இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து காத்திருந்த ஆள். சம்பளம் வாங்கும் பராமரிப்பாளருக்கும் துணை வேண்டும், அவரும் நல்ல திருத்தம் அனுப்புபவரைத்தான் சேர்த்துக்கொள்வார்.

நள்ளிரவு_ஷிஃப்ட் | செவ்வாய் இரவு 11:30

பணத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது உலகத்தின் பாதி வணிகம், இணையத் தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மேல் நின்றது, அதற்கு ஆண்டு நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர், முழுநேர ஆள் ஒருவர். அதன்பின் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி கொடுத்தன. இன்று அந்தத் திட்டம் வேறு மாதிரி இருக்கிறது.

வரவு_செலவு | செவ்வாய் இரவு 11:41

ஹார்ட்பிளீட் தவறு, எக்ஸ்-இசட் சதி. தவறைக் கண்டுபிடிக்க ஆள் போடலாம், அதற்குப் பணம் உதவும். பழகிய முகத்தில் வரும் சதிக்கு என்ன செய்வீர்கள்?

சிறுநிரல் | புதன் காலை 5:50

வரவு_செலவு கேட்டது சரியான கேள்வி. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ஜியா டானின் தொழில்நுட்பத்தை எல்லோரும் வியக்கிறீர்கள். ஒரு பராமரிப்பாளனாக எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த 2022 மடல்கள்தான். அதே தொனி என் அஞ்சல்பெட்டியில் வாரம் ஒன்று கிடக்கும். எழுதுபவர்கள் சதிகாரர்கள் அல்லர், நம்மைப் போன்ற வேலைக்காரர்கள். ‘இது எங்கள் வெளியீட்டைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.’ ‘இன்னும் உயிரோடு இருக்கிறதா இந்தத் திட்டம்?’ இந்த இரைச்சல் எங்களுக்குப் பழகிவிட்டதால்தான், அதற்குள் ஒளிந்து குத்தியவர்களை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சத்தம் போட ஒரு சந்தை இருந்தது, திருடன் அதில் நுழைந்து சத்தம் போட்டான்.

என் அம்மா மருத்துவமனையில் இருந்த மாதம் ஒருவர் வந்தார். ஒரு வாரத்தில் நான்கு திருத்தங்கள், நான்கும் சுத்தம், சோதனைகளும் எழுதியிருந்தார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. வெளியீட்டு உரிமையைக் கொடுத்துவிடலாம் என்று சாவியைக் கையில் எடுத்தேன். அது எக்ஸ்-இசட் வெடித்து மூன்று மாதம் கழித்து. கொடுக்கவில்லை. கொடுக்காததற்குக் காரணமும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஜியா டான் எனக்குச் செய்த கெடுதல் அது.

2018இல் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் கிடங்கான என்பிஎம்மில் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற லைப்ரரிக்கு நடந்தது நினைவிருக்கிறதா? எழுதியவர் தான் பயன்படுத்தாத லைப்ரரியை, கேட்ட ஒருவரிடம் கொடுத்தார். வாங்கியவர் பிட்காயின் பணப்பை ஒன்றைக் கொள்ளையடிக்கும் நிரலைச் சேர்த்தார். கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டியவர்களில் ஒருவராவது அதற்குமுன் அந்த வேலையைப் பங்குபோட வந்தாரா?

இப்போது புதிய தொல்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிய பாதுகாப்பு அறிக்கைகள். இல்லாத செயற்கூற்றில் இல்லாத வழு, ஆனால் மொழி அவ்வளவு பணிவு. இணையத்தில் தரவை அனுப்பவும் எடுக்கவும் உதவும் கர்ல் கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலேயே இதைப் பற்றிப் புலம்பினார். 2025 ஜூனில், எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரியின் பராமரிப்பாளர், இனிப் பாதுகாப்பு வழுக்களையும் மற்ற வழுக்களைப் போலவே நேரம் கிடைக்கும்போதுதான் பார்ப்பேன் என்று அறிவித்தார். நான் எழுந்து நின்று கைதட்டினேன், சமையலறையிலிருந்து என்ன என்று குரல் வந்தது.

எனக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒன்றரை டாலரை விட, பாமினியில் தட்டிய பழைய கோப்புகள் வைத்திருக்கும் ஒருவர் அவற்றை ஓட்டிப் பார்த்து ‘இந்த மூன்றாவது பக்கத்தில் ஒற்றைக்கொம்பு இடம் மாறுகிறது’ என்று ஒரு மடல் போட்டால் அந்த வாரமே எனக்கு நல்ல வாரம். அது என்னால் இங்கே உட்கார்ந்து செய்ய முடியாதது. உங்களிடம்தான் இருக்கிறது.

சி_மொழிக்காரி | புதன் காலை 9:20

அந்த நான்கு திருத்தங்களை அனுப்பியவரின் முகவரி இன்னும் இருந்தால் எழுதுங்கள். வெளியீட்டு உரிமை தர வேண்டியதில்லை. வருத்தத்தை மட்டும் சொல்லலாம்.

இரண்டாமாண்டு_மாணவன் | புதன் காலை 11:05

ஜியா டான் உண்மையில் யார்?

நள்ளிரவு_ஷிஃப்ட் | புதன் பகல் 12:16

அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஒருவரா பலரா என்பதுகூட வெளியாகவில்லை, தம்பி. நிரல் சேர்த்த நேரங்களை வைத்துப் பலர் பலவிதமாக ஊகித்தார்கள். காலின் மே மாத இறுதியில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து 5.6.2 வெளியிட்டார். மறுபடியும் அவரே.

பருத்திக்காடு | சனி மாலை 7:48

நான்கு நாட்களாக எழுதவில்லை, மன்னிக்கவும். செய்ததைச் சொல்கிறேன்.

வழங்குநர் கட்டத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, ‘சேர்த்தவர் நாங்கள், பொறுப்பும் எங்களுடையது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஜெர்மன்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

சி_மொழிக்காரி சொன்னபடி எண்ணினேன். தேதியை அழகாகக் காட்டுவதற்கென்று நாங்கள் சேர்த்த ஒன்று மட்டும் 112 பேரை அழைத்து வந்திருந்தது. எங்கள் ஆலைக்காரர்களுக்குத் தேதி அழகாக இருக்க வேண்டியதில்லை, ஷிஃப்ட் எண் சரியாக இருந்தால் போதும். எடுத்துவிட்டோம். இப்போது 800.

மாட்பஸ் லைப்ரரிக்காரருக்கு எழுதினேன். முதல் வரைவில் ‘உங்கள் திட்டம் இன்னும் தொடர்கிறதா’ என்று தொடங்கியிருந்தேன். சிறுநிரல் எழுதியதைப் படித்தபின் அந்த வரியை அழித்தேன். நாங்கள் யார், ஆறு ஆண்டுகளாக எங்கே பயன்படுத்துகிறோம், உங்களுக்கு என்ன தேவை என்று மட்டும் கேட்டேன். மறுநாளே பதில். பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன்னிடம் உண்மையான இயந்திரம் எதுவும் இல்லை, போலியாக நடிக்கும் ஒரு நிரலை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகள் சோதித்து வருகிறாராம். பழைய சீரியல் கேபிளில் மின்னிரைச்சல் நடுவே பைட்டுகள் எப்படி வந்து விழுகின்றன என்று பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஒன்றரை ஆண்டாக வெளியீடு நிற்பதே அந்தச் சந்தேகத்தால்தானாம்.

எங்கள் வாடிக்கையாளரின் ஆலை ஒன்றில் 1998ஆம் ஆண்டு ஃபிரேம்கள் பன்னிரண்டு ஓடுகின்றன. அந்தக் கேபிள்கள் மோட்டார் வயரோடு ஒட்டியே போகும், இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. மேலாளரிடம் கேட்டேன். ஞாயிறு மூன்றாம் ஷிஃப்ட்டில் வந்து பதிவு செய்துகொள்ளுங்கள், இயந்திரத்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்.

ஒரு சிக்கல். அந்த ஃபிரேம்களில் இருப்பது ஒன்பது முள் சீரியல் துளை. பைட்டுகளை இடைமறித்துக் கேட்க இரண்டு சீரியல்-யுஎஸ்பி மாற்றிகள் வேண்டும், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நாளை கடைகள் கிடையாது. கோவைக்காரர்கள் யாரிடமாவது?

நள்ளிரவு_ஷிஃப்ட் | சனி இரவு 8:05

பீளமேட்டில் இருக்கிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது. இரவு எப்படியும் விழித்துத்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநிரல் | சனி இரவு 8:11

பதிவில் தேதி, நேரம், கேபிளின் நீளம், அருகில் ஓடிய மோட்டார் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி அதோடு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவர் கேட்பார்.